புளூட்டோவும் அரை வரியும்

ஆறாம் வகுப்புக்குச் சூரியக் குடும்பம் நடத்தும்போது, புளூட்டோவை ஏன் எடுத்துவிட்டார்கள் என்று ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து கேட்கும். வருடா வருடம் கேட்கிறது. நான் புத்தகத்தில் இருப்பதைச் சொல்லி உட்கார வைத்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். எனக்குத் தம்பி ஞாபகம் வந்துவிடும். பிள்ளைகள் முன்னால் கண்ணைத் துடைத்தால் மதிப்பார்களா?

நான் மல்லசமுத்திரத்துப் பக்கம் பிறந்து பனமரத்துப்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். கூடப் பிறந்தவன் ஒரே தம்பி. அம்மா எப்போதோ போய்விட்டார். தம்பி அப்பாவோடு ஊரிலேயே இருந்து கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொண்டான். நாற்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. எங்கள் பக்கம் இது அதிசயமே இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் தலை நரைத்த 'பையன்கள்' நாலு பேராவது இருப்பார்கள். விளைகிற காடு இருக்கிறது, வீடு இருக்கிறது, பெண் கிடைக்கவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற மாப்பிள்ளைதான் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் மகளுக்கு நான் கோழிப்பண்ணைக்காரனைப் பார்ப்பேனா? பார்க்க மாட்டேன்.

ஆனால் தம்பிக்கும் ஒரு காலத்தில் வரன்கள் வந்தன. நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு பெண். நானும் போய்ப் பார்த்தேன், சிரித்த முகம், கலகலவென்று பேசினாள். தம்பிக்கும் பிடித்துப்போயிற்று. அப்பா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். இரண்டு ஜோசியர்கள் பொருந்துகிறது என்றார்கள். மனுஷன் அதோடு விட்டாரா? மூன்றாவதாக ஒருவரிடம் போனார். அவர் ராகு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னார், அப்பா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். "இதையவிட நல்ல எடமா வரும்" என்றார். வந்த எடங்களும் குறைந்துகொண்டே போய், கடைசியில் தரகரே போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். எந்தத் தொலைநோக்கியில் பார்த்தாலும் ராகு என்று ஒரு கிரகம் கிடையாது. அதற்கு ஜாதகக் கட்டத்தில் இடம் உண்டு, என் தம்பியின் வாழ்க்கையைக் கெடுக்கும் அதிகாரமும் உண்டு.

தம்பிக்குப் புளூட்டோ பைத்தியம் பிடித்தது சில வருடங்களுக்கு முன் எங்கள் பள்ளிக் கண்காட்சியின்போது. வெளிக் கோள்களையும் அவற்றுக்கு அப்பால் உள்ள பனி உருண்டைகளையும் மாதிரி செய்து வைக்க வேண்டும் என்று என் தலையில் கட்டியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெர்மாகோல் பந்துகளையும் பெயின்ட்டையும் எடுத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கே போய்விட்டேன். பண்ணையில் தீவன மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரும் பூசினோம். அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு, "ரெண்டு கழுதைகளுக்கும் வேற சோலி இல்ல" என்று திட்டிக்கொண்டிருந்தார்.

ஹௌமியா என்று ஒரு குறுங்கோள் இருக்கிறது. தன்னைத்தானே அவ்வளவு வேகமாகச் சுற்றுவதால் நீண்டு முட்டை வடிவமாகிவிட்டது. பந்தை எப்படி முட்டையாக்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, தம்பி எழுந்து போய்ச் சூடு ஆறாத ஒரு முட்டையைக் கொண்டுவந்து வைத்தான்.

"இது நம்ம நாமக்கல்லுக்காரனாட்ட இருக்குது" என்றான்.

செட்னா என்று இன்னொன்று. சூரியனை ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறக்குறைய பதினோராயிரம் வருடம் ஆகும் என்றேன். தம்பி தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம தரகரு அங்கதான் பொண்ணு பாக்கப் போயிருக்காராட்டம், அதான் இன்னும் திரும்பி வரல" என்றான். அப்பாவே சிரித்துவிட்டார். அவன் இப்படித்தான். தன் குறையைத் தானே எடுத்து மற்றவர்கள் சிரிக்கக் கொடுப்பான். எனக்குச் சிரிப்பும் வரும், எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் என்றும் தோன்றும்.

அவன் விடாமல் கேட்டது புளூட்டோவைப் பற்றித்தான். நாங்கள் படிக்கும்போது ஒன்பது கோள்கள், ஒன்பதாவது புளூட்டோ. அப்புறம் ஏன் எடுத்தார்கள்? நான் சொன்னேன். புளூட்டோவுக்கு அப்பால் ஈரிஸ் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் ஏறக்குறைய அதே பருமன். புளூட்டோ கோள் என்றால் ஈரிஸும் கோள். இன்னும் அந்தப் பனிக்காட்டில் எத்தனை கிடக்கிறதோ, எல்லாவற்றையும் சேர்க்க வேண்டிவரும். அதனால் விஞ்ஞானிகள் கூடி உட்கார்ந்து விதி போட்டார்கள். சூரியனைச் சுற்ற வேண்டும், உருண்டையாக இருக்க வேண்டும், தன் தடத்தில் வேறு யாரும் இல்லாமல் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். முதல் இரண்டும் புளூட்டோவுக்கு உண்டு. மூன்றாவது இல்லை. குறுங்கோள் என்று வேறு பெயர் வைத்துத் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள்.

"அதுக்குச் சோடி கீடி இருக்குதா?"

"சாரோன்னு ஒரு நிலா இருக்குது. அதுல பாதி அகலம். ரெண்டும் ஒண்ணோட மூஞ்சிய ஒண்ணு பாத்துக்கிட்டேதான் சுத்தும். திரும்பவே திரும்பாது."

தம்பி புளூட்டோ பந்தைக் கையில் எடுத்துக்கொண்டான். "சோடியோட இருக்கறவனையே சேத்துக்கலியா? அப்ப நம்ம கதி?" என்றான். அதற்கும் சிரித்தான்.

அதன்பிறகு முட்டை பொறுக்கும்போதெல்லாம் போனில் அந்த வீடியோக்களைப் போட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டான். புளூட்டோவுக்குப் போன விண்கலம் ஒன்பது வருடத்துக்கும் மேல் பயணம் செய்து, போய்ச் சேர்ந்ததும் நிற்க முடியாமல் தாண்டிப் போய்விட்டதே என்று எனக்குப் போன் போட்டு வருத்தப்பட்டான். அது வேகத்தைக் குறைக்க எரிபொருள் கிடையாது என்றேன். "அத்தனை தூரம் போயி ஒரு வாய் காப்பி குடிக்கற நேரங்கூட நிக்கலியே அக்கா" என்றான். நானும் அப்படித்தான் பிறந்த வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அவன் அதைச் சொல்லிக் காட்டவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

போன வருடம் அப்பா போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, குலதெய்வக் கோவில் மாசி நோம்பித் திருவிழாவுக்கு வரி போட்டார்கள். எங்கள் கோவிலில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு வரி. வரி என்பது பணத்துக்காக இல்லை, அந்தக் கோவிலில் ஆளாக இருப்பதற்கு அத்தாட்சி. நல்லது கெட்டதுக்கு வரிக்காரன் வீட்டில்தான் பங்காளிகள் கூடி நிற்பார்கள். கல்யாணமாகாதவன் அப்பன் வரிக்குள் அடக்கம். அப்பா இருந்தவரை தம்பியும் இருந்தான். அப்பா போனதும் அந்த வரி அற்றுப்போனது. தம்பியைப் பெரியப்பா மகனின் வரிக்குள் நின்றுகொள்ளச் சொன்னார்கள்.

தம்பி அன்றைக்குத்தான் முதல் தடவையாக ரோசப்பட்டுப் பேசினான்.

"நான் யாரு வரியிலயும் நிக்க மாட்டேன் அக்கா. காடு எம்பேருல, ஊடு எம்பேருல. நாளைக்கு நான் செத்தா எந்த ஊட்டு எழவுன்னு சொல்லுவாங்க? வந்து தூக்கறதுக்கு ஆளு வேணுமல்லோ?"

"வாயக் கழுவு" என்றேன். ஆனால் அவன் சொன்னது சரிதான் என்று எனக்குத் தெரியும்.

பங்காளிகள் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில் மண்டபத்தில். நானும் போயிருந்தேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அங்கே பேச வாய் கிடையாது, என் கணக்கு என் வீட்டுக்காரர் கோவிலில். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அதட்டுகிறவள், ஒரு தூணுக்குப் பின்னால் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோவில் தலைவர் எங்களுக்குத் தூரத்துப் பெரியப்பா முறை. கெட்டவர் இல்லை. அப்பா இறந்தபோது மூன்று நாளும் வீட்டிலேயே இருந்து எல்லாம் பார்த்தவர். தம்பி எழுந்து, தனக்குத் தனி வரி போடச் சொல்லிக் கேட்டான். அவர் தன்மையாகத்தான் பேசினார்.

"உனக்குப் போட்டா நாளைக்கு மேக்கால காட்டுக்காரன் வருவான், அவந் தம்பி வருவான். கல்யாணமாகாத பசங்க நம்மள்ல எத்தன பேரு இருக்காங்கன்னு உனக்கே தெரியும் சாமி. ஒருத்தனச் சேத்தா எல்லாத்தையும் சேக்கோணும்."

ஈரிஸ் கதையை அப்படியே வேறு வாயில் கேட்டதுபோல் இருந்தது எனக்கு. தம்பிக்கும் அதேதான் தோன்றியிருக்கும். அவன் முகம் பளிச்சென்று மாறியது. ஐயோ, சொல்லிவிடாதே என்று நான் தூணுக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினேன். அவன் பார்க்கவில்லை.

"ஏனுங்க பெரியப்பா, புளூட்டோன்னு ஒரு கெரகம் இருக்குதுங்க. ஒம்பதாவதா இருந்துச்சு. அதையும் இப்படித்தான் சொல்லி எடுத்துப்போட்டாங்க. ஆனா அது பாட்டுக்குச் சூரியனச் சுத்திக்கிட்டுத்தான் இருக்குது. அதும்பேருல என்னங்க தப்பு? நானும் பொறந்ததுல இருந்து இந்தக் கோவிலத்தானுங்க சுத்தறேன்."

பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. காது கொடுத்துக் கேட்டார். அதுதான் வினையாகப் போயிற்று.

"எடுத்தது யாரு சாமி?"

"விஞ்ஞானிங்க."

"படிச்சவிங்களே கூடி உக்காந்து எடுத்திருக்காங்கன்னா, நாங்க பட்டிக்காட்டு ஆளுங்க என்ன பண்றது, நீயே சொல்லு."

தம்பி உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தான். பெரியப்பாவுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"எடுத்துட்டு அப்படியே உட்டுட்டாங்களா? பேரு ஏதாச்சும் வெச்சாங்களா?"

"குறுங்கோள்னு வெச்சிருக்காங்க."

"அப்பறமென்ன. நம்மகிட்டயும் அரை வரி இருக்குதல்லோ. புருசன் போன பொம்பளைங்களுக்குப் போடறம். அதுல உனக்கும் ஒண்ணு போட்டுரலாம். உம்பட அப்பன் பேரு அத்துப்போவாது. என்ன சொல்ற?"

அவன் கோபித்துக்கொண்டு வெளியே வருவான், வந்ததும் தோளில் தட்டிக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நான் எழுந்து நின்றேன். பெரியப்பா கேட்டதற்கு யோசிக்கக்கூடச் செய்யாமல் தம்பி, "போதுங்க" என்றான். கும்பிட்டான். நான் வாழ்க்கையில் கேட்ட எந்த வசவும் அந்தப் 'போதுங்க' மாதிரி என்னைச் சுட்டதில்லை.

வீட்டுக்குப் போகும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்து திட்டிக்கொண்டே வந்தேன். முழு மனுஷனுக்கு எதற்கு அரை வரி, வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே, உனக்கு ரோசம் இருக்கிறதா இல்லையா? அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உனக்கென்ன அக்கா, உனக்கு ஒரு கோவிலு இருக்குது" என்றான்.

மாசி நோம்பி வந்தது. பொங்கல் வைத்துப் பூசை முடிந்ததும் மைக்கில் ஒவ்வொரு வரியாகக் கூப்பிட்டுப் பிரசாதம் கொடுப்பார்கள். பேர் கூப்பிட்டதும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய் நிற்க வேண்டும். முழுத் தேங்காய், பழம், இலையில் பொங்கல் எல்லாவற்றையும் பூசாரி பெண்டாட்டியின் முந்தானையில் போடுவார். வரிசை நீண்டுகொண்டே போனது. தம்பி புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தண்ணித் தொட்டி ஓரமாக நின்று மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாரும் வாங்கி முடித்தபின், "அரை வரிக்காரங்க வாங்க" என்றார்கள். வெள்ளைச் சேலை கட்டியவர்களும் கட்டாதவர்களுமாகச் சில பெண்கள் எழுந்தார்கள். அவர்களுக்குக் கடைசியில் அப்பா பேரைச் சொல்லி, "அவரு பையன்" என்று கூப்பிட்டார்கள். தம்பி போய் நின்றான்.

பூசாரி பழக்கத்தில், "முந்தானைய விரிங்க" என்றார். சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். தம்பி சட்டென்று இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான். ஒரு தேங்காய் மூடி, பழம். பொங்கல் இலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பூசாரி அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். நான் எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு அம்மிணி. கட்டிக்குடுத்த புள்ள அங்க போயி நிக்கப்படாது."

உட்கார்ந்தேன். தம்பிக்கு முன்னால் வாங்கிவிட்டு நகர்ந்துகொண்டிருந்த ஒரு விதவைச் சித்தி திரும்பி வந்து தன் முந்தானையை அவனுக்காக விரித்தார். "இதுல போடுங்க. அவன் எங்கூட வாரான்" என்றார். பூசாரி இலையை அதில் வைத்தார்.

தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

"அக்கா, மைக்குல அப்பா பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அந்தக் கடைசி ஆளு வரைக்கும் நல்லாக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சாமி."

"இனி எனக்கு ஒண்ணுன்னா இவிங்க வந்துதான ஆவோணும்?"

"வருவாங்க" என்றேன். அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. ஒரு கல்யாண மாப்பிள்ளையின் முகத்தில் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட சிரிப்பு அது. தன் சாவுக்கு ஆள் வரும் என்று தெரிந்ததற்கு என் தம்பி சிரித்தான்.