செல்லாத கை

பிரசவ வார்டில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். தொப்புள்கொடி வெட்டுகிற வேகத்துக்காக வைத்ததா, வாய்க்காக வைத்ததா என்று யாரும் கேட்டதில்லை, இரண்டுக்குமே பொருந்தியது. மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்தவள். தரை துடைக்க வந்தவள். இன்று தலைமை ஆயாவாக நிற்கிறாள் என்றால் அது யார் சிபாரிசிலும் இல்லை, யார் காலைப் பிடித்தும் இல்லை. புதிதாக வருகிற டாக்டர்கள் முதல் நாள் அவளை "ஏம்மா" என்பார்கள். பத்தாம் நாள், "அக்கா, தலை திரும்பிடுமா, கொஞ்சம் கை வச்சுப் பாருங்களேன்" என்பார்கள். பார்த்துச் சொல்வாள். அவள் சொல்லித் தப்பாய்ப் போனதாக அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கதை கிடையாது.

ஒரே ஒரு வேலையை மட்டும் அவள் தொடமாட்டாள். கிறிஸ்தவர் வீட்டுக் குழந்தை பிறந்து, பாதிரியார் வரும்வரை தாங்காது என்று தெரிந்தால், பக்கத்தில் இருப்பவர் யாராவது தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். ஆதாமிடமிருந்து வழிவழியாக ஒட்டிக்கொண்டு வருகிற ஜென்மப் பாவம் அதோடு போய்விடும் என்பது நம்பிக்கை. நர்சுகள் ஊற்றுவார்கள். அவள் டம்ளரை எடுத்துக் கொடுப்பதோடு சரி.

இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் ஊற்றியிருக்கிறாள். இதே வார்டில், தான் பெற்ற பிள்ளைக்கு. ஏழாம் மாசத்தில் பிறந்து கால் மணி நேரம் இருந்தான். படுத்த வாக்கிலேயே கையை எட்டித் தண்ணீரை எடுத்து, சொல்ல வேண்டியதை ஒரு சொல் விடாமல் சொல்லி ஊற்றினாள். அவள் புருஷன் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனான். மாசத்துக்கு ஒருமுறைதான் பாதிரியார் வருவார். மற்ற நாளெல்லாம் கோயில் உபதேசியார் வைத்ததுதான் சட்டம். தோட்டத்துச் சாவி அவர் இடுப்பில்.

"யார் தண்ணி ஊத்தினது?"

"பெத்தவதாங்க."

"கோயில்ல தாலி கட்டாம உன்கூட இருக்கிறவதானே? அவளே பாவத்துல கிடக்கிறா. அவ கை எப்படிப் பாவத்தைக் கழுவும்? அந்தக் கை செல்லாது. சுவருக்கு வெளியே குழி தோண்டு."

கோயில் பதிவுப் புத்தகத்தில், "ஞானஸ்நானம் பெறாதது" என்று எழுதினார். பெறாதவன் என்றுகூட இல்லை, பெறாதது. ஆடு மாடு மாதிரி. நரகத்துக்கு வழி சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

ஒன்பது வருஷம் அவளும் அதை நம்பினாள். என் கைதான் என் பிள்ளையைக் கெடுத்தது என்று நம்பினாள். பிறகு ஒருநாள் வார்டுக்கு வந்த கன்னியாஸ்திரி ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "பாவியா இருந்தா என்ன, வேற மதமா இருந்தா என்ன? தண்ணியும் வார்த்தையும் சரியா இருந்தா யார் கையும் செல்லும்." அன்று சாயங்காலமே உபதேசியார் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் கதவைப் பாதிதான் திறந்தார். "ஒருதரம் எழுதினதை அடிக்கிற பழக்கம் கோயில்ல இல்ல," என்றார். தன் சட்டமே தனக்குத் தெரியாத மனுஷன் என் பிள்ளைக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அன்றைக்கு வயிற்றில் வைத்த நெருப்பை அவள் அணையவிடவில்லை.

அந்த உபதேசியாரின் மருமகள்தான் பதினான்கு வருஷம் கழித்து ஒரு பகல் பதினொரு மணிக்கு வலியோடு வந்து சேர்ந்தாள். ஏழாம் மாசம். குழந்தை பிறந்தது, அழவில்லை. தாய்க்கு ரத்தம் நிற்காமல் நர்சுகள் இரண்டு பேரும் அவளிடம் மாட்டிக்கொண்டார்கள். உள் அறையில் டாக்டர் குழந்தைக்குக் காற்றுப் பை அழுத்திக்கொண்டிருந்தார். உள்ளேயும் வெளியேயும் போய்வர இருந்தது கத்திரி ஒருத்திதான்.

கதவைத் திறந்தாள். எதிரே உபதேசியார். முடியெல்லாம் நரைத்து, கைத்தடியோடு.

"அம்மா, எப்படி இருக்கு?"

"தாங்காது."

அவர் முகம் வெளுத்தது. "அப்போ கொஞ்சம் தண்ணி ஊத்திடும்மா. உனக்குப் புண்ணியமா போகும்."

"நானா?" என்றாள் நிதானமாக. "என் கை செல்லாதே ஐயா."

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா."

"இப்பதான். வேற எப்ப? செல்லுமா, செல்லாதா?"

"செல்லும்."

"அன்னைக்கு?"

உபதேசியார் வராந்தாவைப் பார்த்தார். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், பாதிப் பேர் கோயிலுக்கு வருகிறவர்கள்.

"அன்னைக்கும் செல்லும்," என்றார் தாடிக்குள்.

"சாபம் கொடுக்கும்போது குரல் நல்லா வந்துச்சே ஐயா. இப்ப மட்டும் ஏன் தொண்டை கட்டுது?"

"அன்னைக்கும் செல்லும். நான் சொன்னது தப்பு. உன் பிள்ளை ஞானஸ்நானம் வாங்கினவன்." வராந்தா முழுக்கக் கேட்டது.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். ஊற்றாமல் விட்டால் என்ன என்று ஒரு எண்ணம் வரத்தான் செய்தது. வந்ததை அவள் மறைத்ததும் இல்லை. ஆனால் மேசையில் கிடந்தது உபதேசியார் இல்லை, உள்ளங்கை அளவு முகம். மூன்று தரம் ஊற்றினாள். இருபத்துமூன்று வருஷமாக வாயில் எடுக்காத சொற்கள் ஒன்றுகூட மறக்கவில்லை. டாக்டர் குனிந்த தலை நிமிரவில்லை; அவர் எதையும் கவனிக்கவில்லை. சற்று நேரத்தில் காற்றுப் பையைக் கீழே வைத்தார்.

கத்திரி முதலில் போனது தாயிடம். ரத்தம் நின்று, கண் திறந்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டான் கண்ணு. ஆனா நானே ஊத்திட்டேன், முறையா ஊத்திட்டேன். அவனுக்கு ஒரு குறையும் இல்ல," என்றாள். அந்தப் பெண் நம்பினாள். அழுதாள். அவள்மேல் கத்திரிக்கு எந்த வழக்கும் இல்லை.

பிறகுதான் வெளியே வந்தாள்.

"ஊத்தினியாம்மா?"

"புத்தகத்தைக் கொண்டாங்க."

"அது கோயில்ல இருக்கும்மா, வெயில்ல..."

"என் புருஷன் பிணத்தைத் தூக்கிட்டு வந்ததும் வெயில்லதான்."

போனார். முக்கால் மணி நேரம் கழித்து, சட்டை நனைந்து, கோணி நிறத்துப் புத்தகத்தோடு வந்தார். பெஞ்சுக்காரர்கள் முன்னாலேயே பழைய வரியை அடித்து, புதிதாக எழுதினார். அவள் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'பெற்றது' என்று எழுதியிருந்தார்.

"பெற்றவன்," என்றாள். "திருத்துங்க."

திருத்தினார். நாளைக்கே சுவருக்கு வெளியே தோண்டி, பிள்ளையை உள்ளே கொண்டுவர ஆள் அனுப்புவதாகவும் ஒப்புக்கொண்டார். அனுப்பவும் செய்தார். அவள் பிள்ளையின் குழியும் அவர் பேரனின் குழியும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்தன.

"இப்பவாவது சொல்லும்மா. ஊத்தினியா?"

"ஊத்தினேன்."

உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் சொல்வதற்கு முன்னால் அரை மூச்சு நிறுத்தினாள், அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே. அந்த அரை மூச்சு போதும் என்று அவளுக்குத் தெரியும். மனுஷர் முகத்தைப் படிக்கிறதில் அவளுக்கு இணை அந்த ஆஸ்பத்திரியில் யார்?

உபதேசியார் அடுத்த சனிக்கிழமை வார்டு வாசலுக்கு வந்தார். "நிஜமாவே ஊத்தினியா?" அரை மூச்சு. "ஊத்தினேன் ஐயா." அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். தூக்கமில்லை என்றார், பேரன் இருட்டில் நிற்கிற மாதிரி கனவு வருகிறது என்றார். ஒன்பது வருஷம் தானும் அதே கனவைக் கண்டதை அவள் அவரிடம் சொல்லவில்லை.

"சத்தியமா சொல்லு தாயி."

"என் வார்த்தையை நம்புறது உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்," என்றாள் கத்திரி. "பழக்கம் இல்லையே."

உள்ளே யாருக்கோ பனிக்குடம் உடைந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். அவரை அங்கேயே நிற்க வைத்துவிட்டு அவள் வேலைக்குப் போனாள்.