பதின்மூன்றாம் இலக்கத்துக்கு இரண்டு புள்ளி

யாருக்கும் ஒன்றும் ஆகாதவன் என்ற ஒரே தகுதிக்காக எனக்கு ஒரு வேலை கிடைத்தது. சம்பளமில்லாத வேலைதான். ஆனாலும் இந்த நாட்டில் வேறெந்த வேலைக்கும் என்னை இவ்வளவு சரியாகத் தேர்ந்தெடுத்ததில்லை.

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு மைதானம். கோடையில் சனிக்கிழமைதோறும் அங்கே ரக்பி லீக் ஆடுவார்கள்; பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். கொழும்பில் ரகர் என்று நான் பார்த்த ரக்பி பதினைந்து பேர் ஆடுவது. இது பதின்மூன்று பேர், வேகமும் அதிகம். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் என்று டொரொண்டோவுக்குப் போன மனைவி நான்கு வருடமாக அங்கேயே இருக்கிறாள். எங்களுக்குள் சண்டை ஒன்றுமில்லை. சண்டை பிடிக்கவாவது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டுமே! வார நாட்களைத் தபால் பிரிக்கும் ஷிப்ட் தின்றுவிடும். சனிக்கிழமைதான் வீட்டுக்குள் இருக்க ஏலாமல் வரும். அதனால் மைதானத்து வேலியோரம் போய் நிற்கத் தொடங்கினேன்.

அந்த அணியில் ஒரே ஒரு தமிழன் இருந்தான். பத்து வயதில் இங்கே வந்து ஸ்ட்ரெதமில் வளர்ந்தவன், இப்போது முப்பது வயது எலெக்ட்ரீஷியன். பதின்மூன்றாம் இலக்கச் சட்டை. பந்தோடு ஓடிப் பெயர் வாங்குவது மற்றவர்கள்; எதிரணிக்காரனைக் கட்டிப்பிடித்து விழுத்துவது இவன். ஆட்டம் முடிந்து போகும்போது சேறும் வியர்வையுமாக வேலியருகே நின்று, "அங்கிள், சுகமா இருக்கிறியளோ? சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்பான். "ஓம் தம்பி" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் ஒருவர் என் முகத்தைப் பார்த்துத் தமிழில் பேசுவது கிழமைக்கு அந்த ஒரு தடவைதான். அதற்காகவே கொட்டும் மழையிலும் கடைசிவரை நின்றிருக்கிறேன்.

போன பருவம் தொடங்கும்போது கிளப் செயலாளர் என்னைத் தேடி வந்தார். வயதான ஆங்கிலேயப் பெண்மணி. ஒவ்வொரு ஆட்டத்திலும் சிறந்த மூன்று பேருக்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒருவர் இரகசியமாகப் புள்ளி போட்டு, உறையில் ஒட்டித் தருவது அவர்கள் வழக்கமாம். பருவம் முடிந்து விருது விழா நடக்கும்போதுதான் உறைகளைப் பிரிப்பார்கள். புள்ளி போட்டவர் யார் என்பதும் அன்றுதான் வெளியே வரும். அதுவரை வீரர்களோடு பேசக்கூடாது. இங்கே நிற்கிற எல்லோரும் யாரோ ஒருவருக்கு அப்பா, மனைவி, மச்சான்; நீங்கள் மட்டும்தான் யாருக்கும் ஒன்றுமில்லை என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் என்னிடம் ஒருவர் உதவி கேட்கிறார் என்ற சந்தோஷத்தில் உடனே தலையாட்டிவிட்டேன். பதின்மூன்றாம் இலக்கத்தைப் பற்றி வீட்டுக்குப் போன பிறகுதான் யோசித்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவன் வேலியருகே வந்தான். நான் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். அதற்கடுத்த கிழமையும் அதையே செய்தேன். மூன்றாம் கிழமை தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டு நேரே உடைமாற்றப் போய்விட்டான். அன்று வீட்டுக்கு வந்து வானொலியைச் சத்தமாகப் போட்டேன். எந்த மடையன் இப்படி ஒரு வேலையை ஒப்புக்கொள்வான் என்று என்னையே திட்டினேன்.

புள்ளிகளை மட்டும் ஒழுங்காகத்தான் போட்டேன், கடைசி ஆட்டம்வரை. அதற்கு முன் அணித்தலைவனும் இவனும் சமமாக நின்றார்கள். கடைசி ஆட்டத்தில் இவன் ஆடியது ஆட்டம்! எங்கள் எல்லைக்கோட்டுக்கு இரண்டு அடி முன்னால் எதிரணியின் மலை போன்ற ஒருவனைத் தனியாகப் பிடித்து நிறுத்தினான். மூன்று புள்ளி யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் பேனாவைக் கையில் எடுத்ததும் பழைய பயம் பிடித்துக்கொண்டது. பல வருடங்களுக்கு முன் இங்குள்ள எங்கள் ஊர்ச் சங்கத்தின் பேச்சுப்போட்டிக்கு நான் நடுவர். மச்சாளின் மகள்தான் நன்றாகப் பேசினாள், அவளுக்கே முதல் பரிசு கொடுத்தேன். 'தன்ர ஆளுக்குக் குடுத்திட்டார்' என்ற கதை லண்டனின் மறுகோடியில் இருக்கும் செவன் கிங்ஸ்வரை போனது. ரோசத்தில் அன்றோடு எந்த விழாவுக்கும் போவதை நிறுத்தினேன். அவர்களும் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அந்த நினைப்பில் அணித்தலைவனுக்கு மூன்று எழுதினேன், பதின்மூன்றுக்கு இரண்டு. உறையை ஒட்டும்போது நான் பெரிய நேர்மையாளன் என்று வெட்கமில்லாமல் பெருமைப்பட்டேன்.

விருது விழா கிளப்பின் மேல்மாடி மண்டபத்தில். மகளின் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போய்க் கதவோரம் உட்கார்ந்தேன். பக்கத்துக் கதிரைகளில் யாருமில்லை. கோழியும் உருளைக்கிழங்கும் வந்தன. பிறகு செயலாளர் உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்க, இரண்டு பெயர்களும் பலகையில் மாறி மாறி ஏறின. கடைசி உறைக்கு மண்டபம் மேசைகளைத் தட்டியது. எனக்கு மட்டும் முடிவு தெரியும். அணித்தலைவனுக்கு மூன்று என்றதும் கூரை பிய்ந்துபோகும்போலச் சத்தம். பதின்மூன்றாம் இலக்கம் விரலை வாயில் வைத்து விசிலடித்தான்.

அடுத்து என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். இவர்தான் இந்த வருடத்து நடுவர் என்றார் செயலாளர். ஒரு மண்டபமே எனக்காகக் கைதட்டியது வாழ்க்கையில் முதல் தடவை. எனக்கு உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

கைதட்டல் ஓய்வதற்குள் அவன் என்னிடம் வந்துவிட்டான். ஒரு கதிரையை இழுத்துப்போட்டு முழங்கால் இடிக்க உட்கார்ந்தான்.

"அங்கிள், நீங்களோ! அதுக்குத்தான் என்னோட கதைக்காம விட்டனீங்களோ? நான் ஏதோ பிழை விட்டிட்டன் எண்டெல்லோ நினைச்சன். அம்மாட்டயும் சொல்லிக் கவலைப்பட்டனான்."

"பிழை உம்மில இல்லைத் தம்பி."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை வீட்ட வாங்கோ. அம்மா சமைப்பா. கட்டாயம் வரவேணும்."

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் ஆசை, அவ்வளவு ஆசை. ஆனால் அந்தப் பிள்ளையின் தாய் போடும் சோறு எனக்குத் தொண்டையில் இறங்காது என்று தெரிந்தது.

"தம்பி, கடைசி மட்ச்சில மூண்டு உமக்குத்தான் வந்திருக்கவேணும். தெரிஞ்சுகொண்டுதான் ரெண்டு போட்டன்."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. "ஏன் அங்கிள்?"

"தமிழன் தமிழனுக்குப் போட்டிட்டான் எண்டு சனம் கதைக்கும். அதுக்குப் பயந்திட்டன்."

அவன் திரும்பி மண்டபத்தைப் பார்த்தான். அணித்தலைவனைத் தோளில் தூக்கிக்கொண்டு எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் இருவரையும் விட்டால் அங்கே தமிழர் யாருமில்லை. நாங்கள் என்ன பேசுகிறோம் என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவுமில்லை.

"எந்தச் சனம் அங்கிள்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். நானும் மேசை மேசையாகப் பார்த்தேன். காட்டுவதற்கு எனக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை.

 அவன் எழுந்து, என் தோளில் லேசாகத் தட்டிவிட்டு, கதிரையைத் தூக்கி எடுத்த இடத்திலேயே வைத்தான். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மறுபடி சொல்லவில்லை.