மலர்த்தட்டு ஏறிய ஒலிபெருக்கி

ஐயா, அம்மணி, இக்குறிப்பைக் கையில் எடுத்தமைக்கு முதற்கண் என் வணக்கம். தமிழர் நிகழ்ச்சிகளுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுப்பது நெடுங்காலமாக என் பகுதிநேர வேலை. முழுநேர வேலை உணவகச் சமையலறையில் இருந்தது. ஓய்வூதியம் வந்ததும் அது முடிந்தது, இது முடியவில்லை. முழங்கால் இரண்டும் வேண்டாம் என்று சொல்லியபின்னரும், யாராவது தொலைபேசியில் “அண்ணை, ஒரு சின்ன நிகழ்ச்சி” என்றால் எனக்கு மறுக்க வருவதில்லை. சின்ன நிகழ்ச்சிக்கும் அதே பெட்டிகளைத்தான் தூக்க வேண்டும் என்பது அழைப்பவர்களுக்குத் தெரியாது.

இத்தொழிலை நான் எவரிடமும் கற்றதில்லை. கூவக் கூவத் தெரிந்துகொண்டேன். கூவுதல் என்பது இதுதான்: ஒலிபெருக்கியிலிருந்து வரும் சத்தம் திரும்பவும் ஒலிவாங்கிக்குள் நுழைந்து, பெருகி, வெளியே வந்து, மறுபடி நுழையும். அப்படிச் சுற்றிச் சுற்றி வளர்ந்து காதைக் குத்தும் ஒற்றைச் சத்தமாகிவிடும். தடுப்பதற்கு வழி உண்டு. பெட்டிகள் பேசுபவருக்கு முன்னே, சபையை நோக்கி நிற்க வேண்டும். ஒலிவாங்கி வாயருகே இருக்க வேண்டும். பேசாத ஒலிவாங்கியை மூடிவிட வேண்டும். நம்மவர் நிகழ்ச்சிகளில் இவை ஒன்றாகக் கூடிவந்த நாள் எனக்கு நினைவில் இல்லை. வாயருகே பிடித்தால் வீடியோவில் முகம் மறையும் என்பார்கள். பெட்டி முன்னே நின்றால் மேடை அலங்காரம் மறையும் என்பார்கள். கூவினால் மட்டும் எல்லோரும் ஒருசேரத் திரும்பி என்னைப் பார்ப்பார்கள்.

நான் எழுத வந்தது ஒரு முப்பத்தோராம் நாள் நினைவு நிகழ்வைப் பற்றி. ஜேர்மனியில், கொலோனுக்கு அருகே ஒரு தேவாலயத்தின் பொது மண்டபத்தில் அது நடந்தது. கணவரை இழந்த அம்மையாரே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். கழுத்தில் செய்த சத்திரசிகிச்சைக்குப் பின் அவருடைய குரல் மூச்சளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டுதான் கேட்டேன்.

“அண்ணை, நன்றி உரை நான்தான் சொல்ல வேணும். அத்தான் தான் சொல்லுறன் எண்டு நிக்கிறார். எனக்குக் குரல் இல்லையாம்.”

அத்தான் என்று அவர் குறிப்பிட்டது கணவரின் மூத்த சகோதரரை. சங்கங்களில் பேசிப் பழகியவர், கணீரென்ற குரல்.

“சொல்லுங்கோ தங்கச்சி. கேக்கப் பண்ணலாம்” என்றேன்.

“கூவினா?”

“கூவாமல் பாப்பம்.”

“ஒருக்காக் கூவினாக் காணும், அத்தான் எழும்பி வந்து மைக்கை வாங்கிப் போடுவார். பிறகு நான் வாய் திறக்க ஏலாது.”

மெல்லிய குரலுக்கு ஒலிவாங்கியை அதிகம் திறக்க வேண்டும். அதிகம் திறந்தால் கூவும். ஆகையால் அன்று வழமையைவிட முந்திப் போனேன். பெட்டிகளை மேடைக்குக் கீழே, இரு ஓரங்களிலும், நன்றாக முன்தள்ளி நிறுத்தினேன். அம்மையாரும் தேநீர்ப் போத்தலோடு நேரத்துக்கே வந்துவிட்டார். ஒலிவாங்கியை உதட்டுக்கு அருகே பிடிக்கச் சொன்னேன்.

“என்ன சொல்லுறது?”

“சும்மா ஏதாவது. இண்டைக்கு என்ன சாப்பாடு எண்டு சொல்லுங்கோ.”

“சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பாயாசம்…”

மண்டபத்தின் பின்கோடியிலுள்ள சமையலறையிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டினார். “பாயாசம் ஆர் சொன்னது? எங்களுக்கு வடை எண்டு மட்டுந்தான் சொன்னவை.”

அம்மையார் சிரித்தார். அவருடைய குரல் சமையலறை வரை போயிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட சுருதியில் மட்டும் மெல்லிய ரீங்காரம் எழுந்தது. ஒலியைக் கலந்து சீராக்கும் மிக்சரில் அந்தச் சுருதியை மாத்திரம் தேடிப் பிடித்துக் குறைத்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது. இத்தொழிலில் திருப்தி என்பது எப்போதும் ஆட்கள் வருவதற்கு முன் கிடைப்பது.

அச்சமயம் மண்டபத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டர் வந்து, என் வாகனம் தீயணைப்பு வண்டி வரும் வழியில் நிற்கிறது, உடனே எடுக்க வேண்டும் என்றார். அருகிலுள்ள தெருக்களில் நிறுத்த இடம் தேடிச் சுற்றிவிட்டு நான் நடந்து திரும்பியபோது மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் இறந்தவரின் படத்துக்கு மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். படத்தின் இருமருங்கிலும் வெள்ளைத் துணி விரித்த இரண்டு மேசைகள். ஒன்றில் மலர்த்தட்டு, மற்றதில் ஊதுவத்தியும் திருநீறும். அவை மேசைகள் அல்ல, என் ஒலிபெருக்கிப் பெட்டிகள் என்று விளங்கச் சற்று நேரம் சென்றது. முகப்பை மட்டும் மறைக்காமல், மிகுந்த கவனத்தோடு துணி விரித்திருந்தார்கள். அவற்றுக்கு முன்னால், சபையைப் பார்த்தபடி பேசுபவருக்கென ஒலிவாங்கி. அதாவது பேசுபவருக்குப் பின்னால் பெட்டிகள். கூவுவதற்கு அதைவிட நல்ல ஏற்பாட்டை நானே முயன்றாலும் செய்ய இயலாது.

மூத்தவர் மேடையடியில் நின்றார்.

“ஐசே, உம்மட பெட்டி தம்பியின்ர படத்தை மறைச்சுக்கொண்டு நிண்டது. முன்வரிசையில இருந்தா முகமே தெரியேல்லை. மேசையும் ஒண்டுதான் தந்தவங்கள்.”

“அண்ணை, மைக்குக்குப் பின்னால பெட்டி நிண்டாக் கூவும்.”

“கூவினா நீர் சத்தத்தைக் குறையும். அதுக்குத்தானே உம்மைக் கூப்பிட்டது.”

“பூத்தட்டை ஒருக்கா இறக்கினா நான்…”

“விளக்கேத்தியாச்சு. இனி இறக்கிற கதை கதையாதையும்.”

அவர் சொன்னதில் பிழையில்லை. மலர் வைக்கும் வரிசை தொடங்கிவிட்டது. ஒவ்வொருவராக வந்து என் பெட்டியிலிருந்து பூ எடுத்துப் படத்தடியில் இட்டுக் கும்பிட்டார்கள். சிலர் பழக்கத்தில் பெட்டியையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வழிபாட்டுக்குரியதாகிவிட்ட ஒரு பொருளை நான் எந்த உரிமையில் தூக்குவது?

உரைகள் தொடங்கின. முதலாமவர் ஒலிவாங்கியை நெஞ்சுக்கு நேரே பிடித்து வாய் திறந்ததும் கூவியது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் குறைத்தேன், மறுபடி கூவியது, மேலும் குறைத்தேன். உரத்த குரல் உள்ளவர்களுக்கு அது போதுமாயிருந்தது. அந்த அளவில் அம்மையாரின் பேச்சு முதல் வரிசைக்கும் கேட்காது. அவருக்கும் அது தெரிந்திருந்தது. ஒவ்வொரு கூவலுக்கும் அவருடைய தலை சற்றுத் தாழ்ந்ததை மிக்சருக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

உண்மையைச் சொன்னால், அவ்வேளையில் எனக்கு வீடு போக வேண்டும் போலிருந்தது. ஏலாது என்ற ஒரு சொல்லோடு என் கடமை முடிந்துவிடும்; எவரும் குறை சொல்லப் போவதில்லை. அதைச் சொல்லத்தான் எழுந்து அம்மையாரருகே போய் அமர்ந்தேன்.

“அப்ப அத்தானைச் சொல்லச் சொல்லட்டோ?” என்று அவரே கேட்டார். என்னைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பார்வையைக் கண்டபோதுதான் எனக்கு ஒன்று பட்டது. ஒலிவாங்கிக்கு முன்பக்கம் காது, வால்பக்கம் செவிடு. மண்டபத்தின் பின்கோடியில், மேடையை நோக்கி நின்று ஒருவர் பேசினால், அந்தச் செவிட்டுப் பக்கம் பெட்டிகளைப் பார்க்கும். தூரமும் கிடைக்கும். பெட்டிகள் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம்.

“தங்கச்சி, பெட்டியை அசைக்க ஏலாது. நீங்கள் பின்னால போய் நிப்பியளோ? சமையலறைக் கதவடியில.”

“ஆக்களின்ர முதுகுக்குப் பின்னால நிண்டோ?”

“அவை திரும்புவினம்.”

“அவரைப் பாத்துக்கொண்டு கதைக்கலாமோ?”

“அவரைப் பாத்துத்தான் கதைக்க வேணும். ஓரத்தில இருக்கிற ஆக்கள் பக்கம் திரும்பினாக் கூவும். உங்கட குரல் கொஞ்சம் பிந்தித் திரும்பி வரும். அதைக் கேட்டு நிக்காதையுங்கோ.”

அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். கம்பியில்லாத ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தேன். சமையலறைப் பெண்கள் கேள்வி ஏதுமின்றிப் புகைபோக்கி விசிறியை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

நன்றி உரை என்று அறிவித்ததும் மூத்தவர்தான் மேடையேறினார். நான் மேடை ஒலிவாங்கியை மூடியிருந்தேன். அவர் அதைத் தட்டினார், ஊதினார்.

“ஐசே, இது வேலை செய்யேல்லை.”

“ஓம் அண்ணை. மற்றதுதான் திறந்திருக்கு.”

மற்றது எங்கே என்று அவர் தேடுவதற்குள் படத்தின் இருபுறமிருந்தும் ஒரு மூச்சுச் சத்தம் வந்தது. பிறகு சொற்கள் வந்தன. சபையோர் முதலில் படத்தைத்தான் பார்த்தார்கள். பின்னர் ஒருவர் பின் ஒருவராக, கதிரைகள் தரையில் உராய, திரும்பினார்கள்.

வந்தவர்களுக்கும் சமைத்தவர்களுக்கும் அவர் நன்றி சொன்னார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, ஓரத்தில் இருந்தவர்கள் பக்கம் திரும்பிவிட்டார். ஒலிவாங்கியும் கூடவே திரும்பியது. ரீங்காரம் எழும்பத் தொடங்கியது. குறைத்தால் குரல் போய்விடும், விட்டால் கூவிவிடும். கூப்பிட்டுச் சொல்லவும் முடியாது. எழுந்து நின்று படத்தை நோக்கிக் கையை நீட்டினேன். அவர் கண்டுகொண்டார். திரும்பினார். ரீங்காரம் அடங்கியது.

“என்ர குரல் போன பிறகு, நான் ஏதாவது சொல்லத் தொடங்கினா இவர் டிவியை நிப்பாட்டிப் போடுவார். ஒருநாளும் என்னட்டை ‘என்ன?’ எண்டு திருப்பிக் கேட்டதில்லை. அதை நான்தான் சொல்ல வேணும் எண்டு நினைச்சன். அவ்வளவுதான்.”

மூத்தவர் மேடையில் ஒலிவாங்கித் தண்டைப் பிடித்தபடி, முடியும்வரை அசையாது நின்றார். சாப்பாட்டு வேளையில் தட்டோடு என்னிடம் வந்தார்.

“என்ன காணும், முதல்லயே அவவை அங்க நிப்பாட்டியிருக்கலாமே. நாங்கள் ஏன் முதுகு முறியப் பெட்டி தூக்கினது?”

வடை நன்றாயிருக்கிறது என்றேன். பிறகு பெட்டிகளின் முகப்பில் சிக்கிய பூவிதழ்களை ஊசியால் எடுத்து, திருநீற்றைத் துடைத்து, வாகனத்தில் ஏற்றினேன். ஏற்றும்போது முழங்கால் மடங்க மறுத்தது.

ஆண்டுத் திவசத்துக்கும் அம்மையார் பேச விரும்புகிறார். அதற்கு நான் பெட்டி தூக்குவேனோ தெரியாது. அன்று ஒலி அமைப்பவர் எவராயினும், அம்மையாரை எங்கே, எத்திசை நோக்கி நிறுத்த வேண்டும் என்பது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே, ஐயா, அம்மணி, இக்குறிப்பை எறிந்துவிடாமல் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.