வெள்ளிக்கிழமை வீடு காட்டிய தரகர்

ரத்தினசாமி மேஸ்திரிக்கு ஊரில் பல பேர் மேல் கோபம் உண்டு. கூலியில் பிடித்தவன், மணலோடு மண்ணைக் கலந்து இறக்கியவன், பூசிய சுவரில் மறுநாளே ஆணி அடித்தவன். அதெல்லாம் வந்துபோகிற கோபம். தரகர் எத்திராஜுலு மேல் இருந்தது அப்படிப் போகிற ஜாதி இல்லை. காலையில் எழுந்து மூச்சை இழுத்தால் அதுவும் கூடவே உள்ளே போகும். ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பின் பின்சுவரை ஒட்டின தெருவில் ஒரு வீட்டை அவன் தலையில் கட்டியவர் அந்த மகானுபாவர்தான்.

அப்போது ஜெர்மன் சண்டை. பட்டாளத்துக்காரன் பூட்ஸுக்கும் வாருக்கும் தோல் போதவில்லை என்று ஊரில் புதுசு புதுசாய் ஷாப்புகள் எழும்பின. கட்டட வேலை கொட்டிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு வாலாஜாபேட்டையிலிருந்து ரத்தினசாமி பெண்சாதி எல்லம்மாவோடு வந்து இறங்கினான். ஸ்டேஷன் வாசலிலேயே தரகர் பிடித்துக்கொண்டார்.

"வீடு இருக்குது மேஸ்திரி, ஆனா இன்னிக்கு வேணாம். வெள்ளிக்கிழமை லட்சுமி நாளு. அன்னிக்கு வந்து காலடி வையி. அதுவரைக்கும் சத்திரத்துல படு."

வெள்ளிக்கிழமை போனார்கள். தெரு முழுக்கக் கோலம். எதிர்வீட்டு முனியம்மா கேட்காமலே சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து கொடுத்து, "வா தாயி, பக்கத்துல மனுசங்க இல்லாம பேஜாரா இருக்குது" என்றாள். தரகர் குடையை ஊன்றி நின்று தெருவைத் தன் தாய்வீடு மாதிரி வர்ணித்தார். காற்று பாலாற்றிலிருந்து நேராக வருகிறதாம். ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் பத்து வீட்டிலிருந்து கஞ்சி வருமாம்.

"அந்தப் பக்கம் அவ்ளோ பெரிய செவுரு, அது இன்னா?" என்று கேட்டான் ரத்தினசாமி.

"ஆவாரம்பட்டைக் கெடங்கு. அந்தக் காத்து ஒடம்புக்கு மருந்து."

ரத்தினசாமி சுவரைத் தட்டிப் பார்த்தான். உத்தரத்தை நகத்தால் கீறிப் பார்த்தான். கிணற்றில் கல்லைப் போட்டு ஆழம் பார்த்தான். கொத்தனார் புத்தி அவ்வளவுதான். மூக்கு என்று ஒன்று இருப்பதே அவனுக்கு ஞாபகம் வரவில்லை. அடுத்த வாரமே பத்திரம் முடிந்து, அதே போல ஒரு வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிக் குடியேறினார்கள்.

சாயபுமார் ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவு. சனிக்கிழமை விடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக் குழிகளைத் திறந்தார்கள். ஊறின தோலிலிருந்து மயிரையும் கொழுப்பையும் வழித்துத் தள்ள, குழித் தண்ணீர் சாக்கடையில் இறங்கி வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டு ஓடிற்று. எல்லம்மா சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள். அவன் எதிர்வீட்டுக்குப் போய்க் கத்தினான். முனியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எங்கள மட்டும் இன்னா, சனிக்கெழமையா இட்டாந்தான் அந்த ஆளு? தெருவே வெள்ளிக்கெழமை வந்ததுதான் மேஸ்திரி. பழகிப் போய்டும்."

தெருவின் ஒற்றுமை என்று தரகர் சொன்னது பொய் இல்லை. ஏமாந்தவர்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள், அடுத்தவனை ஏமாற்றுவதில். வெள்ளிக்கிழமை தரகர் புதுசாய் யாரையாவது கூட்டிக்கொண்டு நுழைந்தால் முனியம்மா மோர்ச் சொம்பைத் தூக்குவாள். பக்கத்து வீட்டு துரைசாமி, கோர்ட்டில் டவாலி போட்ட சேவகனாய் இருந்து ஓய்ந்தவர், நெற்றி நிறையப் பட்டை அடித்துக்கொண்டு வாசலில் உட்காருவார். நாளைக்குத் தன் வீட்டை விற்கவேண்டி வந்தால் தெருவுக்கு நல்ல பேர் இருக்கவேண்டுமே என்கிற கவலை ஒவ்வொருத்தருக்கும். ரத்தினசாமி ஒருத்தன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பான். அதனால் தரகர் ஆள் கொண்டுவருகிற வெள்ளிக்கிழமைகளில் அவனுக்கு மட்டும் மேல்விஷாரத்தில் எங்காவது ஒரு மதில் வேலை தானாகவே வந்து சேரும். யார் ஏற்பாடு என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் போனான். கூலி வருகிறதே.

எத்திராஜுலுவும் வானத்திலிருந்து குதித்தவர் இல்லை. அவர் அப்பன் சந்தை சந்தையாய் வளையல் விற்றவன். இவர் சின்ன வயசில் ஸ்டேஷனில் மூட்டை தூக்கினார். மூட்டையைச் சத்திரம் வரைக்கும் சுமக்கிற வழியிலேயே ஆளின் ஊர், பணம், குடும்பச் சண்டை எல்லாவற்றையும் கறந்துவிடுவார். ஒருநாள் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஆளையே தூக்க ஆரம்பித்தார். ஒரு கறுப்புக் கோட்டு, ஒரு குடை, மீசையில் ஒரு தடவு அத்தர், தொழிலுக்கு முதல் அவ்வளவுதான். எந்தத் தெருவில் எந்த மாசம் சாக்கடை நிரம்பும், எந்த வீட்டுக்காரன் குடித்துவிட்டு அடிப்பான் என்பதெல்லாம் அத்துப்படி. அதைத் தவிர மற்றதையெல்லாம் வாங்க வருகிறவனிடம் சொல்லுவார். தான் மட்டும் ஆற்றோரம் மேட்டுத் தெருவில், நல்ல காற்றில், வாடகைக்கு இருந்தார். சொந்தமாய் ஒரு செங்கல் கிடையாது. "வீடு வாங்கறவன் மடையன்" என்று கள்ளுக்கடையில் சொன்னதாய்க் கேள்வி. அந்த ஒரு வார்த்தைதான் அவர் வாயிலிருந்து வந்த நிஜம்.

வருஷங்கள் போயின. எல்லம்மாவுக்கு இரைப்பு வந்தது. ராவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கிடந்தாள். படுத்தால் மூச்சு முட்டும். வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா, "மருந்து அப்புறம், முதல்ல அந்த இடத்தை விட்டுக் கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். எல்லம்மாவின் அண்ணன் கணியம்பாடியில் ஒரு காணி நிலத்தைக் காட்டி வரச்சொன்னான். இந்த வீட்டை விற்றால்தான் அதை வாங்க முடியும். விற்றுக் கொடுக்க ஊரில் ஒரே ஆள்தான்.

ரத்தினசாமி பல்லைக் கடித்துக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போனான்.

"வா மேஸ்திரி! இத்தினி நாளா மொறச்சிக்கினே இருந்த. இன்னிக்கு என் பொய்யி உனக்கு வேணுமா?"

"வேணும்" என்றான். வேறு என்ன சொல்ல?

ஆள் கிடைத்தது. குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்கு மாற்றலாகி வரப்போகிற மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேதமாணிக்கம். சிக்கல் என்னவென்றால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஒழியும். ஞாயிறன்று ஷாப்பில் குழிகள் திறந்திருக்கும். தரகர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு வந்து தொடையைத் தட்டினார்.

"ரம்ஜான் பெருநாள் ஞாயித்துக்கெழமை வருது. சனிக்கெழமை பொறை தெரியும், மறுநா ஷாப்பு லீவு. வரச்சொல்லி எழுதிட்டேன்."

"பொறை தெரியலேன்னா?"

"நான் பாத்த பொறை எவ்ளோ தெரியுமா? பேசாம செவுத்துக்கு வெள்ளை அடி."

சனிக்கிழமை சாயங்காலம் மேற்கே கருமேகம் கட்டிக்கொண்டு நின்றது. மசூதி மாடியில் ஏறினவர்கள் வெறும் கையோடு இறங்கினார்கள். வேறு எந்த ஊரிலிருந்தும் பிறை கண்ட தந்தி வரவில்லை. நோன்பு இன்னும் ஒரு நாள், பெருநாள் திங்கட்கிழமை என்று ஆயிற்று. திங்கட்கிழமை லீவு என்றதும் ஞாயிறு காலையிலேயே ஷாப்பில் இருந்த அத்தனை குழிகளையும் ஒரே மூச்சில் காலி செய்ய ஆரம்பித்தார்கள். வாத்தியாரோ ரயில் ஏறிவிட்டார்.

அந்த மாதிரி நாற்றத்தைத் தெருக்காரர்களே பார்த்ததில்லை. முனியம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே மோர் கொண்டுவந்தாள். தரகர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக் காட்டினார்.

"இந்தக் காத்து அடிக்கிற எடத்துல பிளேக் அண்டாது சார். சுண்ணாம்பு பாருங்க."

வேதமாணிக்கம் சிரித்தார். "நாத்தத்தை எங்கிட்ட மறைக்கவேணாம் தரகரே. எங்க அப்பா பேரணாம்பட்டுல குழிக்குள்ள எறங்கி வேலை செஞ்சவரு. நான் பொறந்து வளந்ததே ஷாப்புக்குப் பின்னாடி சேரியிலதான். மேட்டுத் தெருவுல வீடு காலின்னாங்க, போய் நின்னதும் காலி இல்லேன்னுட்டாங்க. இங்க குடுப்பீங்களா, அத மட்டும் சொல்லுங்க."

முனியம்மாவின் கை மோர்ச் சொம்பைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டது. துரைசாமி வாசலிலிருந்து எழுந்து உள்ளே போனார். தரகர் முகத்தில் அத்தர் வாசனை தவிர ஒன்றும் மிச்சம் இல்லை. வாத்தியாருக்கு இது பழக்கம் போல. "யோசிச்சுச் சொல்லுங்க, சாயங்கால வண்டிக்குத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் தெரு கூடிவிட்டது.

"சேரி ஆளுக்கு வித்தா தெரு மானம் போய்டும் மேஸ்திரி" என்றார் துரைசாமி.

"மானமா? தோல் ஊறின தண்ணி உன் வாசல்ல ஓடுது. அதுல எங்கய்யா மெதக்குது உன் மானம்?"

தரகர் அவனைத் தனியே இழுத்தார். "கோவப்படாத. இவனுக்கு வித்தா அப்புறம் இந்தத் தெருவுல ஒரு வீட்ட நான் விக்க முடியாது. கொஞ்சம் பொறு. மழ முடியட்டும், தோதா ஒருத்தன வெள்ளிக்கெழமையில இட்டார்றேன்."

உள்ளே எல்லம்மா இருமுவது வாசல் வரை கேட்டது.

"அதுவரைக்கும் அவ மூச்சு உடாம இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டு ரத்தினசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தான். அவன் ஒன்றும் பெரிய மனசுக்காரன் இல்லை. வாத்தியாருக்குப் பதில் சாத்தானே வந்திருந்தாலும் விற்றிருப்பான். சாயங்கால வண்டி வருவதற்குள் பிளாட்பாரத்தில் வைத்தே பேச்சு முடிந்தது.

கணியம்பாடிக்குப் போன பிறகு எல்லம்மா படுத்துத் தூங்கினாள். இரைப்பு முழுசாய்ப் போகவில்லை, ஆனால் படுத்தாள். அடுத்த ஐப்பசியில் தரகர் செத்துப்போன சேதி வந்தது. பாதி ஊருக்கு வீடு விற்றவரை வாடகை வீட்டிலிருந்துதான் தூக்கிக்கொண்டு போனார்களாம். ரத்தினசாமி தாம்பூலத்தைத் துப்பிவிட்டு வேலையைப் பார்த்தான்.

அவரைக் கடைசியாகப் பார்த்தது பத்திரம் முடித்த அன்று, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில். மர நிழலில் குடையை விரித்தபடி நின்றுகொண்டிருந்தார். தரகு கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, வாயில் நல்ல வார்த்தையாய் நாலு வைத்துக்கொண்டு ரத்தினசாமி கிட்டே போனான். தரகர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"தரகெல்லாம் எனக்கு வேணாம் மேஸ்திரி. ஒண்ணே ஒண்ணு செய்யி. வண்டி ஏறறதுக்கு முன்னாடி தெருவுல போய், அந்த வாத்தியார நான் இட்டாரல, நீயாத்தான் தேடிப் புடிச்சதா துரைசாமி காதுல படறாப்புல ஒரு தபா சொல்லிட்டுப் போ."