குனிந்த தலைகளும் என் முறையும்

ஆட்டோக்காரனுக்கு முக்கியமாக வேண்டியது காது. எதிர்க்கடை வாசலில் ஒருவர் தொண்டையைச் செருமினால் அது சவாரியா சளியா என்று தெரிந்துவிட வேண்டும். கேரள எல்லையோரம் குன்னத்துகால் ஜங்ஷனில் இருபத்தெட்டு வருஷமாக நான் அப்படித்தான் பிழைக்கிறேன். ஸ்டாண்டில் ஆளுக்கொரு போன் வந்த பிறகு காதுக்கு வேலை குறைந்துவிட்டது. காத்துக் கிடந்து பிழைக்கும் உங்களுக்கும் இந்தப் பாடு உண்டு என்பதால் சொல்கிறேன்.

ஆமென்

ஒரு காலை வரிசையில் ஏழு வண்டி. கடைசி வண்டி என்னுடையது. முன்னால் ஆறு பேரும் தலையைக் குனிந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஒரு வயதான அம்மா, முதல் வண்டிப் பக்கம் வந்து நின்றார். கூப்பிடவில்லை. அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

முறை தவறி நான் ஏற்றினால் சண்டை வரும். பொறுத்துப் பார்த்து ஹாரன் அடித்தேன். முதல் வண்டிக்காரன் நிமிர்ந்து, ஏன் பேசாமல் நிற்கிறீர்கள் என்று கேட்டான். அவர் சொன்னார்: “யாரோ செத்ததுக்கு ஜெபம் பண்ணுதியன்னு நினைச்சேன் மக்கா. ஆமென் சொல்லட்டும்னாக்கும் நின்னேன்.”

போன் சொன்ன வழி

காரோடு என்கிற ஊரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக ஒரு பையன் ஏறினான். சர்ச்சுக்குப் பின்னால் ரோடு உண்டு என்றேன். போன் இடதுபக்கம் சொல்லுகிறது என்றான். என் பேச்சைத் தள்ளினவனிடம் இரண்டாம் தடவை சொல்லுகிற பழக்கம் எனக்கு இல்லை. திருப்பினேன்.

இரண்டு பக்கமும் மரச்சீனிக் கிழங்குத் தோட்டம். போகப் போக வழி ஒடுங்கி, குளத்தங்கரையில் முடிந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் தலையைத் திருப்பாமலே சொன்னாள்: “கல்யாண வீட்டுக்குத்தானே? நீங்க நாலாமத்த வண்டியாக்கும். திருப்ப இடமில்லை, ரிவேர்சிலயே போங்க.”

குரூப்

ரோட்டை அகலப்படுத்தின பிறகு ஜங்ஷனில் மூன்று வண்டிதான் நிற்கலாம் என்றார்கள். மற்றவர்கள் நிழல் கண்ட இடத்தில் கிடக்க வேண்டும். அடுத்து வர வேண்டியது யார் என்று ஸ்டாண்டு செக்ரட்டரி ராஜையன் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதுவான். பார்க்காதவன் கடைசிக்குப் போவான். அதுதான் சட்டம்.

எழுத்து மலையாளம். நான் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை போனவன். மலையாளம் வெள்ளம் மாதிரிப் பேசுவேன், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. இது ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாது. ராஜையனிடம் சொல்லவும் முடியாது. ஒரு மழை நாளில் என் முறைச் சவாரியை ஏற்றிக்கொண்டு போனவன் அவன். பேசிப் பதினோரு வருஷம். நாள்தோறும் கடைசிக்குப் போனேன். ஸ்டாண்டை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். என்னைக் கடந்து முன்னால் போன ஒருவன் சிரித்தான்: “அண்ணனுக்கு நிழல் பிடிச்சுப்போச்சு.”

விரல்

வாரம் ஒருமுறை என் வண்டியில் போகிற லீலா டீச்சரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் போனில் மைக் படத்தைக் காட்டினார். அழுத்திப் பிடித்துப் பேசு, குரலே போகும் என்றார். எழுதத் தெரியாதவனுக்கும் வாய் உண்டு என்று சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் வண்டியில் தனியாக உட்கார்ந்து பழகிப் பார்த்தேன். இன்னொரு பொத்தானை அமுக்கினால்தான் போகும் என்பது என் எண்ணம். வாயில் முதலில் வந்தது ராஜையன்தான். அந்த மழை நாள் சவாரியிலிருந்து தொடங்கினேன். வாசிக்கத் தெரியாதவனை இப்படிக் கடைசியில் போட்டு வாட்டுகிறாயே என்று முடித்து, விரலை எடுத்தேன். போய்விட்டது, குரூப்புக்கே.

ஸ்டாண்டு அன்றோடு முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை போன் சத்தம் போட்டது. எழுத்து இல்லை, குரல். பதினோரு வருஷத்துக்குப் பிறகு ராஜையன் என் பேரைச் சொன்னான்: “எலே ஞானமுத்து, நீ மூணாமத்த வண்டி, முன்னால கேறி வா. திட்டினது முழுசும் ரெண்டு தடவை கேட்டேன். வாசிக்கத் தெரியாதுன்னு முதல்லயே சொல்லியிருந்தா பாதித் திட்டு மிச்சமாயிருக்குமே.”

மழை நாளுக்கு அவன் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் அதை விடப்போவதில்லை, ஆனால் காலையில் அந்தச் சண்டாளன் குரல் வராவிட்டால் எனக்கு வண்டி எடுக்க மனம் வருவதில்லை.