டாக்டர் ஐந்து மணிக்குத்தான் வருவார்

செவ்வாய்க்கிழமை காலை பல் மருத்துவமனைக்குப் போன் செய்தேன். பழக்கமில்லாத குரல் ஒன்று, "டாக்டர் அஞ்சு மணிக்குத்தாங்க வருவாரு" என்று சொல்லி வைத்துவிட்டது. பத்து ஆண்டுகளில் அந்த எண்ணிலிருந்து இவ்வளவு சிறிய பதில் வந்ததில்லை. மறுபடி கூப்பிட்டுக் கேட்டேன். கலியமூர்த்தி முந்தின நாள் மாரடைப்பில் போய்விட்டார்.

அவர் அங்கே சீட்டு எழுதிக் கொடுப்பவர். டாக்டர் கடலூரிலிருந்து மாலையில் வருவார். கலியமூர்த்தி காலை ஒன்பதுக்கே கதவைத் திறந்துவிடுவார். விருத்தாசலத்தின் பல்வலிகள் டாக்டர் நேரத்தை மதிப்பவை அல்ல என்பதால், இடைப்பட்ட எட்டு மணி நேரமும் அவர் பொறுப்பில் இருந்தது. "நான் டாக்டர் இல்லீங்க. டாக்டர் வர்ற வரைக்கும் நீங்க கெடுத்துக்காம பாத்துக்கறவன்" என்பார். அவரை அறிந்த உங்களில் பலருக்கு இது காதில் கேட்கும்.

ஒரு நாள் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது, மங்கலம்பேட்டையிலிருந்து ஒருவர் கன்னம் வீங்கி வந்தார். வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் அப்பியிருந்தார். ஈறு வெந்து வெளுத்திருந்தது. "முழுங்கறதுக்குத்தானே பாய் மாத்திர குடுத்தாங்க? செவுத்துக்குப் பூசற மாதிரி பூசியிருக்கீங்களே" என்றார் கலியமூர்த்தி. வாயைக் கொப்பளிக்க வைத்தார். ஐஸைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளிப்பக்கம் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வீக்கம் கண்ணுப் பக்கம் ஏறுனாலோ, எச்சி முழுங்க முடியலன்னாலோ எங்க டாக்டருக்காகக் காத்திருக்காதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்றார்.

எங்கள் பீங்கான் கப் யூனிட்டில் அச்சிலிருந்து எடுத்த எதையும் அப்படியே விடுவதில்லை. ஓரத்தைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்தால்தான் அடுத்த பலகைக்குப் போகும். ஒரு மதியம் யாரோ தூக்கி வந்த பலகையின் முனை, ஓரம் சுரண்டிக்கொண்டிருந்த செல்வியின் வாயில் இடித்தது. மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு தரையில் விழுந்தது. செல்விக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பக்கத்து இருக்கை சாந்தி பல்லை எடுத்து, கை பழகிய வேலையைத் தொடங்கினாள். நான் கலியமூர்த்திக்குப் போன் செய்தேன்.

"பல்லு யாருகிட்ட சார் இருக்கு?"

"சாந்தி சுத்தம் பண்றா."

"எதால?"

"ஸ்பாஞ்சால. கத்தியும் வச்சிருக்கா."

"நிறுத்தச் சொல்லுங்க! அது கப்பு இல்ல சார். வேர்மேல இருக்கற சவ்வுலதான் அதுக்கு உசுரு. தலைப்பக்கமா புடிச்சு, தண்ணில ஒரு தடவ அலசி, அதே குழில வைக்கச் சொல்லுங்க."

செல்வி வாயைப் பொத்திய கையை எடுக்கவில்லை. "அய்யோ, தொடாதீங்கக்கா" என்று சாந்தியிடம் அழுதாள்.

"அப்ப பால்ல போடுங்க" என்றார் அவர்.

டீக்கடையிலிருந்து பால் வந்தது. நுரையோடு, சர்க்கரையோடு. அதைப் போனில் சொன்னேன்.

"ஆவி பறக்குதா சார்?"

"பறக்குது."

"அதுல உங்க வெரல வுடுவீங்களா? பாக்கெட் பால் வாங்கியாரச் சொல்லுங்க."

பல் பாலுக்குள் போனது. "டாக்டர் அஞ்சு மணிக்குத்தானே?" என்றேன்.

"எங்க டாக்டர் அஞ்சுக்குத்தான். இந்தப் பல்லுக்கு ஒரு மணி நேரந்தான் கெடு. ஸ்டேஷன் பக்கம் வேற டாக்டரம்மா இருக்காங்க. நான் சொல்லிடறேன், நீங்க கெளம்புங்க."

வண்டியில் செல்வி ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்: "ஒட்டுமா சார்?" டாக்டரம்மா பல்லைக் குழியில் வைத்து, பக்கத்துப் பற்களோடு கம்பியால் கட்டினார். தங்குமா என்பது போகப்போகத்தான் தெரியும் என்றார்.

பிறகு கலியமூர்த்திக்கு நன்றி சொல்லப் போனேன். "நான் ஒண்ணும் பண்ணல சார். நீங்க பண்ண இருந்தத நிறுத்துனேன், அவ்ளோதான்" என்றார். வேறு டாக்டரிடம் அனுப்பியதற்கு அவருடைய டாக்டர் கோபிக்கவில்லையா என்று கேட்டேன். "கோவிச்சாரு. கோவம் ஆறிடும், பல்லு திரும்ப மொளைக்காதே" என்றார்.

புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனோம். செல்வி அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். துக்க வீட்டில் ஒருவர் பல்லைப் பார்ப்பது மரியாதையல்ல என்று எனக்குத் தெரியும். பார்த்தேன். வரிசையில் நின்றது.

எங்கள் யூனிட்டில் அவர் படத்தை மாட்டவில்லை. குளிர்பெட்டியில் தினமும் ஒரு பால் பாக்கெட் இருக்கிறது, வேலை நேரத்தில் யாரும் அதைப் பிரிக்கக் கூடாது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான். மாலையில், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு, டீ போட்டு எல்லோரும் குடிக்கிறோம்.