டைகருக்குச் செம்பருத்தி

போன வாரம் எங்கள் அடுக்ககத்துத் தோட்டக்காரர் பூந்தொட்டிகளில் முளைத்திருந்த களையைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் அத்தனையும் மூக்கிரட்டை. தரையோடு படர்கிற சிவந்த தண்டு, கிள்ளினால் வருகிற பச்சை வாசனை. என் கை தன்பாட்டுக்குக் கைப்பைக்குள் நுழைந்து ஒரு பிளாஸ்டிக் கவரைத் தேடியது. மூட்டுவலிக்கு என்று அவர் நினைத்திருப்பார். வயதும் அப்படித்தான் ஆகிவிட்டது. பல்லிக்கு என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருப்பாரோ!

பல்லி என்றால் டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பல்லி இல்லை, இகுவானா. இரண்டாயிரங்களில் நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் வாடகைக்கு இருந்தபோது, என் அண்ணன் பாரிமுனைப் பக்கமிருந்து செருப்பு டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தான். கிளிப்பச்சை நிறம், உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு. இலையும் பூவும் மட்டுமே தின்கிற ஜீவனுக்கு அவன் வைத்த பெயர் டைகர். "வளந்தா ஆறடி வரும்மா" என்றான் பெருமையாக. "அதுக்குள்ள நான் போய்ச் சேந்துடணும்" என்றாள் அம்மா.

அப்பா கணக்கு வாத்தியார். சர்ச் கமிட்டியில் இருந்தவர். சலவை வேட்டி மடிப்புக் கலையாமல் நடக்கிற ரகம். யார் யாரிடமோ சொல்லி அண்ணனுக்கு ஒரு பள்ளிக்கூட வேலைக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அவனோ அது வேண்டாமென்று புனேயில் ஒரு கால் சென்டர் வேலையை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். "ராத்திரி பூரா போன்ல பேசறதெல்லாம் ஒரு வேலையாடா? போறதுன்னா உன் பல்லியையும் தூக்கிட்டுப் போ" என்று அப்பா கத்தினார். அண்ணன் போனான். பல்லி போகவில்லை. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போன் செய்தால், அப்பா ஏதோ வேலை இருப்பதுபோலப் பின்கட்டுக்குப் போய்விடுவார்.

அம்மா கூண்டுக்குள் முட்டைகோஸைப் போட்டாள். அது தின்றது, ஆனால் நாளாக நாளாகப் பின்னங்கால் நடுங்க ஆரம்பித்தது. அண்ணன் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த தாள் ஒன்று கூண்டில் குத்தியிருந்தது. கோஸ் ஆகாது, சுண்ணாம்புச் சத்துள்ள இலையும் பூவும் வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. ஒருநாள் பேப்பர் படிக்கிற பாவனையில் அப்பா அந்தத் தாளைப் படித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்துவிட்டேன். பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கும் கொஞ்சம் விவரம் உண்டு, என்ன நினைத்தீர்கள்!

மறுநாள் விடியற்காலையிலேயே மொபெட் கிளம்பிவிட்டது. அப்போது முடிச்சூர்ப் பக்கம் மனைக்கல் நட்ட காலி இடங்கள்தான். ஒரு மழை பெய்தால் போதும், கானாவாழையும் கோவைக்கொடியும் மூக்கிரட்டையும் காடாகக் கிளம்பிவிடும். அப்பா கவர் நிறையக் கொண்டுவருவார். கழுவுவார். பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒவ்வொன்றிலும் ஓர் இலையைத் தானே மென்று பார்ப்பார். அவருக்கு வயிறு கெடாவிட்டால்தான் டைகருக்கு. எருக்கையும் அரளியையும் மட்டும் கர்த்தருடைய கிருபையால் விட்டுவைத்தார்.

ஆனால் டைகருக்கு உயிர் செம்பருத்திப் பூவின் மேல்தான். எங்கள் வீட்டிலோ வாசல் முதல் கொல்லை வரை சிமெண்ட். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. விடியற்காலையில் பூஜைக்காக யார் வீட்டுக் காம்பவுண்டுக்கு வெளியே தொங்கும் பூவையும் யாரும் பறிக்கலாம், வீட்டுக்காரர் கேட்கமாட்டார். கொக்கி கட்டிய குச்சியோடு நாலைந்து பெரியவர்கள் கிளம்புவார்கள். அந்தக் கூட்டத்தில் எங்கள் அப்பாவும் போய்ச் சேர்ந்துகொண்டார். "சார், இந்தக் கிளைல நிறைய இருக்கு பாருங்க" என்று அவர்களும் மரியாதையாக இடம் விட்டார்கள்.

கேட்க வேண்டுமா! முதலில் வந்தவள் மீன்கார அக்கா. கூடையை இறக்கும்போதே, "இன்னாம்மா, வாத்தியாரு டெய்லி பூ பறிச்சுகினு போறாரே, உங்க வூட்லயும் பூஜை போட ஆரமிச்சிட்டீங்களா?" என்றாள். அடுத்த ஞாயிறு சர்ச்சில் இரண்டு பேர் அப்பாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லாமல் நகர்ந்தார்கள். அதற்கடுத்து பாஸ்டரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பிரதர், மனசுல ஏதாவது கலக்கம் இருந்தா சொல்லுங்க. ஜெபம் பண்ணலாம்."

அப்பா வேட்டி மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். கமிட்டியை விட்டு எடுத்தாலும் எடுக்கட்டும், மகனுடைய பல்லிக்குப் பூ பறிக்கிறேன் என்று சொல்ல மட்டும் வரவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. "அது டைகருக்கு, பாஸ்டர்" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

"டைகரா?" என்று எழுந்தே விட்டார். பின்கட்டுக்கு அழைத்துப் போனேன். டைகர் வாயில் ஒரு சிவப்பு இதழ் பாதி உள்ளே, பாதி வெளியே. பாஸ்டர் பார்த்தார், பார்த்தார், பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நம்ம காம்பவுண்ட்லயே அடுக்குச் செம்பருத்தி இருக்கே, வந்து பறிச்சுக்கோங்க பிரதர்" என்றார். வாசல்வரை வழியனுப்பிய அப்பா மெதுவாக, "பையன் காதுக்கு மட்டும் போயிடக் கூடாது" என்றார்.

ஒரு ஞாயிறு போன் அடித்தபோது அம்மா கை நிறைய மீன் செதிள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். "நீங்களே எடுங்க" என்று அம்மா அதட்டியது கேட்டது, பிறகு அப்பாவின் குரல்.

"செத்துடுச்சாவா? ஏன் சாகுது? காலைல செம்பருத்தி தின்னான்." குரல் சட்டென்று இறங்கியது. "நீ சாப்டியா?"

அன்று குழம்பில் அம்மா உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாள். நாங்கள் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

அதிலிருந்து எல்லா ஞாயிறும் அவர்களுக்கு ஒரே பேச்சு. வேலை, சம்பளம், கல்யாணம் எதையும் தொடமாட்டார்கள். டைகர் சாப்பிட்டானா, தோல் உரித்தானா, வால் எவ்வளவு நீளம், அவ்வளவுதான். சில வருஷம் அப்படியே ஓடியது.

பிறகு ஒரு மார்கழிக் குளிரில் டைகர் செத்துப்போனான். முடிச்சூர்ப் பக்கத்துக் காலி மனை ஒன்றில் அப்பா தன் கையாலேயே குழி தோண்டினார். அந்த ஞாயிறு போன் வந்தது. "ம், சாப்பிட்டான். தெம்பா இருக்கான்" என்றார் அப்பா. நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பல்லி போய்விட்டால் பையனும் போய்விடுவானோ என்று அந்த மனுஷன் பயந்திருக்கிறார். நாங்களும் வாயை மூடிக்கொண்டோம்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். நேரே பின்கட்டுக்குத்தான் போனான். காலிக் கூண்டின் மேல் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றான், முகம் கழுவினான், வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். அவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. லீவு முடிந்து கிளம்பிப் போனான்.

அடுத்த ஞாயிறு போனை நான்தான் எடுத்தேன். "அப்பாகிட்ட குடு" என்றான். "டைகர் சாப்பிட்டானான்னு கேக்கணும்."

ரிசீவரை நீட்டினேன். அப்பா கேட்டுக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாப்பிட்டான்ப்பா" என்றார்.

இப்போது முடிச்சூரில் அந்த மனைகள் எல்லாம் அடுக்குமாடி. காம்பவுண்டுக்கு வெளியே தலைநீட்டும் செம்பருத்தியைக் காணோம். அப்பா போய்விட்டார், அவரைத் தொடர்ந்து அம்மாவும். அண்ணன் வெளிநாட்டிலிருந்து வாரம் தவறாமல் வீடியோ காலில் வருகிறான். முகமெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. இரண்டு நிமிஷத்துக்குள் பேச்சு தீர்ந்து, இருவரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறோம்.